பல் மிஸ்ஸி பஞ்சவர்ணம்

அம்மாவோடு தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போவதில் ஒரு வேடிக்கை உண்டு. நாற்பது, ஐம்பது வயது ஆட்கள் எதிரில் வருவார்கள். அம்மாவைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் சட்டென்று வாயை மூடிக்கொள்வார்கள். "நல்லா இருக்கீங்களா மிஸ்ஸி?" என்று கேட்கும்போதுகூட உதடு அதிகம் விலகாது. அம்மா குடும்பத்தை, வேலையை எல்லாம் விசாரித்துவிட்டு, அவர்கள் நகர்ந்ததும் என் பக்கம் சாய்ந்து, "கீழ வரிசையில சொத்தை. பாத்தியா, மறைக்கிறான்" என்பார்.

என் அம்மா பஞ்சவர்ணம் முப்பது வருஷத்துக்கு மேல் தொடக்கப்பள்ளிகளில் பல் தாதியாக இருந்தவர். அந்தக் காலத்தில் தாதி என்றால் நம் ஆட்களுக்கு மிஸ்ஸிதான். ஆஸ்பத்திரியில் ஊசி போடுபவர் வெறும் மிஸ்ஸி. பள்ளிக்கூடத்தில் பல்லைப் பிடுங்குபவர் பல் மிஸ்ஸி. சிராங்கூன் ரோட்டைச் சுற்றிப் படித்த ஒரு தலைமுறையே அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருக்கிறது.

இந்த வேலைக்கு அவர் வந்தது சேவை எண்ணத்தால் எல்லாம் இல்லை. அதை அவரே சொல்வார். பள்ளிப் படிப்பு முடிந்த சமயத்தில், பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் காலணியுமாக நின்றதைப் பார்த்திருக்கிறார். அந்தக் காலணியில் ஒரு பொட்டு அழுக்கு இல்லையாம். நகராட்சியில் சாலை வேலை பார்த்த தாத்தாவுக்கு, மகள் தாதியாவதில் முதலில் இஷ்டமில்லை. ராத்திரி வேலைக்குப் போக வேண்டிவருமே என்று பயம். பள்ளிக்கூடத்துத் தாதி, பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது தானும் போய்விடலாம் என்று தெரிந்த பிறகுதான் சம்மதித்தார். அம்மா பயிற்சிக்குப் போனார். திரும்பி வரும்போது அவரிடமும் அழுக்குப் படாத வெள்ளைக் காலணி இருந்தது.

நான் படித்த பள்ளியில்தான் அம்மாவுக்கு வேலை. கேண்டீனைத் தாண்டி, கீழ்த்தளத்தின் மூலையில் இருந்தது அவருடைய அறை. கிராம்பு எண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த வாசம் அந்த நடைவழி முழுக்க இருக்கும். பந்தை எடுக்க ஓடிவரும் பிள்ளைகள்கூட அந்த வாசம் மூக்கில் பட்டதும் வேறு பக்கமாகத் திரும்பிவிடுவார்கள்.

ரிசஸ் இடைவேளை முடிந்ததும் பல் துலக்கும் வகுப்பு. இப்போது நினைத்தால் கனவு மாதிரி இருக்கிறது. ஒவ்வொருவர் கையிலும் பெயர் எழுதிய பிளாஸ்டிக் குவளை, ஒரு பிரஷ். வகுப்பு வகுப்பாக லோங்காங் ஓரத்தில் வரிசையாகக் குந்தி உட்காருவோம். மழைத் தண்ணீர் ஓடுவதற்காகக் கட்டிய அந்தக் கால்வாய்தான் எங்கள் எல்லோருக்கும் பொதுவான வாஷ்பேசின். அம்மா முன்னால் நின்று ஒரு பெரிய பிளாஸ்டிக் பல் செட்டையும் முழங்கை நீளப் பிரஷையும் வைத்துக்கொண்டு, மேலே, கீழே, உள்ளே, வெளியே என்று காட்டுவார். நாங்கள் வாய் நிறைய நுரையோடு பின்பற்றுவோம். ஒரே நேரத்தில் எல்லோரும் துப்ப, புதினா வாசத்தோடு வெள்ளை நுரை மெல்ல ஊர்ந்து போகும். எவன் நுரை முதலில் திருப்பத்தைத் தாண்டுகிறது என்று பையன்கள் பந்தயம் வைப்பார்கள். தமிழ்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை என்று எல்லோருடைய நுரையும் ஒன்றாகத்தான் போகும்.

வெளியே இப்படி விளையாட்டாக இருந்தவர், அந்த அறைக்குள் போனால் வேறு ஆளாகிவிடுவார்.

ஆ லான் ஆன்ட்டி என்று ஒரு சீன அம்மாள் அவருக்கு உதவியாள். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அவர் வாசலில் வந்து நின்றால் போதும், வகுப்பே மூச்சை அடக்கும். ஆசிரியர் அவரிடமிருந்து துண்டுச் சீட்டை வாங்கிப் பெயரை வாசிப்பார். பெயருக்குரிய பிள்ளை எழுந்து போகும்போது மற்றவர்கள் பார்க்கிற பார்வை, ஏதோ திரும்பி வரவே வராத இடத்துக்கு வழியனுப்புகிற மாதிரி இருக்கும்.

அம்மாவின் கொள்கை, வலி என்றால் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்பது. பிள்ளை அழுதால், திமிறினால், ஆ லான் ஆன்ட்டி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொள்வார். அம்மா வேலையை முடித்துவிடுவார். கண்ணைத் துடைத்து அனுப்பிவிட்டு அடுத்த பெயர். அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான் நடந்தது.

நான் பள்ளியில் சேர்ந்தபோது அம்மா ஒரு நிபந்தனை போட்டார். ஸ்கூலில் அவர் மிஸ்ஸி, வீட்டில்தான் அம்மா. தெரிந்தால் மற்ற பிள்ளைகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். அவர் விடிகாலையிலேயே கிளம்பிவிடுவார். நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பள்ளிப் பேருந்தில் வருவேன். ஒரு வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாம் வகுப்பில் என் பெயர் வந்தது. கடைவாயில் சொத்தை. வெளியே பெஞ்சில் நான்கைந்து பிள்ளைகள் காத்திருந்தார்கள், கதவு திறந்தே இருந்தது. டிரில் பட்டதும் நான் "அம்மா" என்று கத்தினேன். அதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வலித்தால் எல்லாத் தமிழ்ப் பிள்ளையும் அம்மா என்றுதான் கத்தும். ஆ லான் ஆன்ட்டி என் கையைப் பிடித்தார். டிரில் மறுபடியும் உறுமியது. அப்போதுதான் நான் அலறினேன்: "அப்பாகிட்ட சொல்லிடுவேன்மா! நடேசன்கிட்ட சொல்லிடுவேன்!"

வெளியே பெஞ்சில் இருந்த எல்லாத் தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின. வீட்டில் அம்மா பிறரிடம் பேசும்போது அப்பாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அதுதான் வாயில் வந்தது. அம்மாவின் முகமூடிக்கு மேலே கண்கள் ஒரு கணம் சுருங்கின. சிரித்தாரா, கோபப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேலையை முடித்துத்தான் என்னை இறக்கிவிட்டார்.

மறுநாள் ரிசஸுக்குள் முழுப் பள்ளிக்கும் தெரிந்துவிட்டது. அம்மா பயந்தபடி யாரும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. மாறாக, எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒரு மலாய்ப் பெண் தன்னுடைய கெரோப்போக் அப்பளப் பொட்டலத்தை அப்படியே என் கையில் வைத்துவிட்டுப் போனாள். சொந்தப் பிள்ளையையே விடாத மிஸ்ஸி என்று அம்மாவின் பெயர் இன்னும் பயங்கரமாகிவிட்டது.

ரகசியம் போனதில் ஒரு நன்மை. எங்கள் காலைப் பிரிவு விட்டதும் நான் நேரே அம்மாவின் அறைக்குப் போய், மூலையில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதலாம். அதனால்தான் ஷபானாவின் விஷயம் முழுவதையும் நான் பார்க்க முடிந்தது.

நான் நான்காம் வகுப்புக்குப் போன ஜனவரி அது. ஜனவரி வந்தால் அம்மாவுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தீபாவளிப் பலகாரம், பள்ளி விடுமுறைக் கல்யாணங்கள், கிறிஸ்துமஸ் மிட்டாய் எல்லாம் பிள்ளைகளின் வாயில் தடம் விட்டிருக்கும். "டிசம்பர் பூரா தின்னுட்டு ஜனவரியில என்கிட்ட வருதுங்க" என்று புலம்புவார். பள்ளி ஆண்டு ஜனவரியில்தான் தொடங்கும் என்பதால், அதோடு ஒன்றாம் வகுப்பின் புதுப் பிள்ளைகள் வேறு. புதுச் சப்பாத்து வாசமும் முதுகைவிடப் பெரிய பையுமாக வந்து நிற்கும். சாப்பிடுமுன் கை கழுவுவது, அடுத்தவர் குவளையில் வாய் வைக்காமல் இருப்பது, தண்ணீர் குடிப்பது, பல் துலக்குவது என்று முதலிலிருந்து எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அந்தப் புதுப் பிள்ளைகளில் ஒருத்திதான் ஷபானா. மெலிந்த பெண். வகுப்பில் வாயே திறப்பதில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவதோடு சரி. கொஞ்சம் மந்தமான பிள்ளை போலிருக்கிறது என்று வகுப்பாசிரியை அவளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தார். லோங்காங் ஓரத்தில்தான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. எல்லோரும் துலக்க, அவள் பிரஷைக் கையில் பிடித்தபடி நுரையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பிரஷ் உதட்டுக்குப் பக்கத்தில் போகும், நின்றுவிடும். கேண்டீனிலும் அம்மா அவளைக் கவனித்தார். ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து ஒரு பக்கமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். இடது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது.

பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையின் பல்லில் கைவைக்க முடியாது. சம்மதம் கேட்டு அம்மா சீட்டு அனுப்பினால் வேண்டாம் என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடியும் வேண்டாம்.

அன்று வீட்டில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களே, அதோடு உன் பொறுப்பு முடிந்ததில்லையா என்றார் அப்பா. "அது பட்டினி கிடக்குதுங்க" என்றார் அம்மா.

சனிக்கிழமை காலை என்னையும் அழைத்துக்கொண்டு தேக்கா மார்க்கெட்டுக்குப் போனார். ஷபானாவின் அத்தா சிக்கந்தர் அங்கே ஆட்டிறைச்சி விற்றார். தோள் அகன்ற பெரிய மனிதர். ஒரே வெட்டில் தொடையெலும்பை இரண்டாக்கிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் ஈரம். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. அம்மா முதலில் அரைக்கிலோ கறி வாங்கினார். கூட்டம் குறையும்வரை காத்திருந்துவிட்டு, தான் யார் என்று சொன்னார்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். மரியாதையாகத்தான் பேசினார். பால் பல்தானே, தானாக விழப்போகிறது, அதை ஏன் நோண்ட வேண்டும் என்பது அவர் வாதம். விழுவதற்கு இன்னும் பல வருஷம் ஆகும், அதுவரை சீழ் பிடித்துப் பிள்ளை சாப்பிட முடியாது என்று அம்மா விளக்கினார். அவர் பிடிகொடுக்கவில்லை. பேசும்போது அவர் வாயின் வலப்பக்கம் மட்டும்தான் அசைந்தது. இடப்பக்கக் கன்னத்தில் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்திருந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"உங்களுக்கும் வலிதானா பாய்?"

சிக்கந்தர் வெட்டுக்கட்டையைத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். சின்ன வயதில் சாலையோரத்தில் பல் பிடுங்குகிற ஆளிடம் அவரைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். மாமன்மார் மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் தலையை, ஒருவர் கையை, ஒருவர் காலை. அந்த ஆள் முதலில் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு, பிறகு மறுபடியும் வாய்க்குள் குறடைவிட்டான்.

"வலி மறந்துபோச்சு மிஸ்ஸி. புடிச்சாங்க பாருங்க, அது மறக்கல. என் புள்ளைய யாரும் அமுக்கிப் புடிக்கக்கூடாது. ஸ்கூல்ல புடிப்பாங்கன்னு எல்லாப் புள்ளைங்களும் சொல்லுது."

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கறிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். இத்தனை வருஷமாகத் தன்னைப் பற்றிப் பிள்ளைகள் வீட்டில் போய் என்ன சொல்கிறார்கள் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை என்று பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னார். அழுகை என்பது அவரைப் பொறுத்தவரை அந்த அறையோடு முடிந்துவிடுகிற விஷயமாக இருந்தது.

"யாரும் புடிக்கமாட்டாங்க பாய்" என்றார் கடைசியில். "நான் சொல்றேன். நீங்களே வந்து பக்கத்துல உக்காருங்க."

சிக்கந்தர் பையில் இன்னும் இரண்டு எலும்பைப் போட்டு, சூப்புக்கு நன்றாக இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் ஒரு மதியம், நான் முக்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. சிக்கந்தர், சலவை செய்த வெள்ளைச் சட்டையும் தலையில் தொப்பியுமாக நின்றார். கையைப் பலமுறை சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும். அறை முழுக்க அந்த வாசம். அவர் காலுக்குப் பின்னால் ஷபானா.

அன்று அம்மா எந்தக் கருவியையும் தொடவில்லை. நாற்காலியில் அத்தா உட்கார்ந்தார், அவர் மடியில் மகள். அம்மா நாற்காலியை மேலே ஏற்றி, கீழே இறக்கிக் காட்டினார். ஆ லான் ஆன்ட்டி வழக்கம்போல் பக்கத்தில் வந்து நின்றார். அம்மா அவரிடம் மலாயில், மைலோ கலக்கிக்கொண்டு வரச் சொன்னார். அந்த அறையில் மைலோ கலக்கியதே இல்லை. ஆ லான் ஆன்ட்டி அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். மைலோவைக் குடித்துவிட்டு அப்பாவும் மகளும் வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டாம் முறை கண்ணாடி மட்டும். ஷபானா வாயைத் திறந்தாள், உடனே மூடினாள். மூடினால் மூடட்டும் என்று அம்மா காத்திருந்தார். வெளியே பெஞ்சில் காத்திருந்த மதியப் பிரிவுப் பிள்ளைகள் வகுப்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள், அவர்களுக்குக் கொண்டாட்டம். மூன்றாம் முறைதான் ஊசி போட்டு, மரத்துப்போகும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு, பல்லை எடுத்தார். ஷபானாவின் கை அத்தாவின் சட்டையை இறுகப் பற்றியிருந்தது. சிக்கந்தர்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். முடிந்துவிட்டது என்று அம்மா இரண்டு முறை சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

ஷபானா துப்பினாள். தட்டில் கிடந்ததை எட்டிப் பார்த்தாள்.

"இத்துனூண்டுதானா?" என்றாள்.

அந்தப் பள்ளியில் அவள் பேசி நாங்கள் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

அதோடு முடியவில்லை. பெரியவர்களுக்கும் மிஸ்ஸி பார்ப்பீர்களா என்று சிக்கந்தர் தயங்கித் தயங்கிக் கேட்டார். தனக்கு அந்த அனுமதி இல்லை, அரசாங்கப் பல் மருந்தகத்துக்குப் போங்கள் என்று அம்மா சொல்லி அனுப்பினார். போனாராம். தனியாகப் போகவில்லை, மகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்கமாட்டேன் என்று இருந்த மனிதரிடம், ஷபானா அவர் முட்டியில் கைவைத்துக்கொண்டு, "தொறங்க அத்தா, யாரும் புடிக்கமாட்டாங்க" என்றாளாம். இதைக் கடையில் நின்று எங்களிடம் சொல்லும்போது அவர் வாயை நன்றாகத் திறந்து சிரித்தார்.

மார்ச் மாதத்தில் வகுப்பாசிரியை அம்மாவிடம் வந்து, இந்தப் பெண் ஓயாமல் பேசுகிறாள், பாடம் நடத்த முடியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். அம்மா அதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஷபானாவின் பல்லை எடுத்த அன்று நாங்கள் பேருந்துக்குக் காத்திருக்காமல் சிராங்கூன் ரோட்டில் நடந்தோம். பூக்கடைகளில் சாயங்கால மாலைகள் தொங்கத் தொடங்கியிருந்தன. மசாலா அரைக்கிற கடையைத் தாண்டும்போது நான் தும்மினேன்.

"அன்னிக்கு உன் கையப் புடிக்கச் சொன்னேன்ல" என்றார் அம்மா திடீரென்று. "ரொம்ப வலிச்சுதா?"

நான் யோசித்தேன். "பல்லு ஞாபகம் இல்லம்மா. ஆ லான் ஆன்ட்டி கை சில்லுன்னு இருந்துச்சு. அதான் ஞாபகம் இருக்கு."

அம்மா என் கைவிரல்களைப் பிடித்துக்கொண்டார். சாலையைக் கடப்பதற்காக என்று நினைத்தேன். கடந்த பிறகும் விடவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு அவர் அறையில் யாருடைய கையும் பிடிக்கப்படவில்லை. அதற்கு ஒரு விலை இருந்தது. ஒரு நாளில் பார்க்கிற பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. மேலதிகாரி வந்து விசாரித்தார். அம்மா உள்ளதைச் சொன்னார். அவர் கோபப்படவில்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், எத்தனை தாதிகள் என்று கணக்குச் சொன்னார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது என்பார் அம்மா. வருஷக் கடைசியில் அம்மாவை உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். வழக்கமான மாற்றலா, வேறு காரணமா என்று அவர் கேட்கவில்லை. இருள் பிரியாத நேரத்தில் கிளம்பி இரண்டு பேருந்து மாறிப் போய்வந்தார். ஆ லான் ஆன்ட்டியைப் பிரிந்ததுதான் அவருக்குப் பெரிய குறை. பல வருஷங்களுக்குச் சீனப் புத்தாண்டன்று ஒரு கூடை கமலா ஆரஞ்சோடு நாங்கள் அவர் வீட்டுக்குப் போய்வந்தோம்.

காலம் போனது. லோங்காங் ஓரத்தில் குந்திப் பல் துலக்குவது நின்றுபோனது. எப்போது நின்றது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. ஒரு வருஷம் குவளைகளைக் கொண்டுவரச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அம்மா ஆரவாரம் இல்லாமல் ஓய்வுபெற்றார். அப்பாவும் அவருமாகச் சிராங்கூன் வீட்டில் இருந்தார்கள். முதல் ஜனவரி அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கீழே பள்ளிப் பேருந்துகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் ஜன்னலுக்குப் போய்விடுவாராம். "இவ யார எண்ணுறான்னு தெரியல" என்று அப்பா என்னிடம் சொன்னார்.

பெருந்தொற்று வந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நடந்த அந்த நாட்களில் அம்மாவுக்கு ஊரே அன்னியமாகிவிட்டது. 2021 கடைசியில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். பள்ளி திறக்குமுன் முடிந்தவரை போட்டுவிட வேண்டும் என்று பெற்றோருக்கும் அவசரம். எங்கள் பகுதி நிலையத்தில் உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு அம்மா பெயர் கொடுத்தார். அந்த வயதில் கூட்டத்துக்குள் எதற்கு என்று நான் தடுத்துப் பார்த்தேன். "எனக்கு எல்லா ஊசியும் போட்டாச்சு லா" என்று முடித்துவிட்டார். அவருக்கு ஊசி போடும் வேலை கொடுக்கவில்லை. காத்திருக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் அவரை அழைத்துவரப் போனேன். முதலில் அம்மாவைக் காணவில்லை. ஒரு வரிசை நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். முட்டி வலிக்காரர், எப்படி உட்கார்ந்தார் என்றே தெரியவில்லை. நாற்காலிக்கு அடியில் ஒரு சிறுமி சுருண்டு கிடந்தாள். பெயர் ரோஷினி. பக்கத்தில் அவள் அம்மா கெஞ்சிக் களைத்துப்போய் நின்றார். ஊசி போடும் பெண்ணும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

என் அம்மா ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை. ஜனவரியில் என்ன வகுப்பு என்று கேட்டார்.

"பிரைமரி ஒன்" என்றது அடியிலிருந்து ஒரு குரல்.

புதுச் சப்பாத்து வாங்கியாயிற்றா, கேண்டீனில் என்ன வாங்கிச் சாப்பிடுவாய் என்று கேட்டுக்கொண்டே போனார். அந்தச் சிறுமி ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் பதில் சொன்னாள். பிறகு அவளாகவே கேட்டாள்: "ஸ்கூல் டாய்லெட்ல லாக் ஸ்டக் ஆயிட்டா?"

அம்மா புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமெடுத்தார். பள்ளிக் கழிவறையின் கதவு திறக்காமல் போய்விடுமோ என்பதுதான் அந்தப் பிள்ளையின் பயம். அக்காள் யாரோ சொல்லியிருக்கிறாள். அதனால் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை என்று ஏற்கெனவே முடிவு செய்துவைத்திருந்தாள். ஊசி போட்டால் பள்ளிக்குப் போக வேண்டும். போடாவிட்டால் போக வேண்டாம். அவ்வளவு தெளிவாக யோசித்திருந்தாள்.

"நானும் முப்பது வருசம் ஸ்கூல் டாய்லெட்டுதான் போனேன்" என்றார் அம்மா. "ஒரு ஃப்ரெண்ட வாசல்ல நிக்கச் சொல்லு. அப்புறம் அவ போறப்ப நீ நில்லு. தண்ணி குடிக்காம மட்டும் இருக்காத, தலைவலி வரும்."

"ஃப்ரெண்ட் இல்லன்னா?"

"மொத நாளு யாருக்குமே ஃப்ரெண்ட் இருக்காது. பக்கத்துல உக்காந்திருக்கிற புள்ளகிட்ட கேளு. அதுவும் இதே பயத்துலதான் இருக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து ரோஷினி வெளியே வந்தாள். அழுதுகொண்டேதான் ஊசி போட்டுக்கொண்டாள். ஆனால் நடந்து போய்ப் போட்டுக்கொண்டாள். அம்மாவைத் தரையிலிருந்து தூக்கிவிட எனக்கும் இன்னொருவருக்கும் பெரும்பாடாகிவிட்டது.

காரில் வரும்போது அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "இத்தன வருசம் வாயத் தொறன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றார். "தொறந்தா பல்லத்தான் பாத்தேன்." வருத்தமாகச் சொல்லவில்லை. புதிதாக ஒரு வேலை கண்டுபிடித்தவர் மாதிரிதான் சொன்னார்.

தடுப்பூசி நிலையம் மூடியதும் அவர் சும்மா இருக்கவில்லை. அவர் வீட்டு அடுக்குமாடிப் புளோக்குக்கு அடியில் மாணவர் பராமரிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. பள்ளி விட்டதும் பெற்றோர் வேலையிலிருந்து வரும்வரை பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் முதல் சில வாரங்கள் அம்மா அங்கே தொண்டூழியராகப் போகிறார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வரும்போதே தண்ணீர் போத்தலை வாங்கி ஆட்டிப் பார்ப்பார். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தால், ஏன் குடிக்கவில்லை என்று திட்டமாட்டார். இன்று டாய்லெட் எப்படி இருந்தது என்று கேட்பார். கை கழுவச் சொல்வார். முந்தின ராத்திரி எப்போது தூங்கினாய் என்று கேட்பார். பிள்ளைகள் அவரை ஆன்ட்டி என்கிறார்கள். அவர் முன்பு என்ன வேலை பார்த்தார் என்று அவர்களுக்குத் தெரியாது. வாயைத் திறந்து, ஆடுகிற பல்லை விரலால் ஆட்டிக் காட்டுகிறார்கள்.

இந்த ஜனவரியிலும் போய்க்கொண்டிருக்கிறார். சாயங்காலம் ஆனதும் எனக்குப் போன் வரும். எந்தப் பிள்ளை இன்று சாப்பிடவில்லை, எது ரிசஸில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டது, எதன் பல் கேண்டீன் மீ நூடுல்ஸ் சூப்புக்குள் விழுந்து எல்லோரும் சேர்ந்து கரண்டியால் தேடினார்கள் என்று எல்லாம் சொல்வார். எனக்கு அடுப்பில் வேலை இருக்கும். போனை ஸ்பீக்கரில் போட்டு மேடைமேல் வைத்துவிடுவேன். "சொல்லும்மா, கேக்குது" என்பேன். அவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.